அப்பா பெயரில் அடுக்கிய கார்டுகள்

7 ஜூலை, திங்கள்

காலேஜில் பாடம் எடுக்கும் ராஜசேகரன் சார் என் புராஜெக்ட் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிவப்பு மையில் பெரிய வட்டம். சாஆ என்ற எங்கள் சின்ன ஊரில் டாக்டர் சிறீகாந்தன் கிளினிக்கில் எண்ணூற்று அறுபது நோயாளி கார்டுகள் பெட்டிகளில் கண்டபடி கிடக்கின்றன. அவற்றை நான் ஒருத்தியாக ஒழுங்குபடுத்த வேண்டும். இது தேறினால்தான் அலுவலக நிர்வாக டிப்ளோமா. இல்லாவிட்டால் இன்னொரு செமஸ்டர்.

அவரவர் சொந்தப் பெயர்ப்படி அடுக்குவேன் என்று எழுதியிருந்தேன். அதற்குத்தான் வட்டம்.

"புத்தகத்துல கடைசிப் பேருதான் முதல்ல. நீ என்ன புதுசா ரூல் போடுற?"

"நமக்குக் கடைசியில வர்றது அப்பா பேரு சார்."

"அதனால என்ன?"

அதனால என்னவா? புத்தகம் எழுதினவனுக்குக் குடும்பப் பெயர் இருந்தது. எனக்கு எங்கே இருக்கிறது? கஸ்தூரி, லெட்சுமணன் மகள். அவ்வளவுதான்.

8 ஜூலை

அவர் கனகசபை மகன் ராஜசேகரன். கேண்டீனில் "கனகசபை சார்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா?

19 ஜூலை, சனி

புத்தகப்படியே அடுக்கி முடித்தேன். அடுக்கும் முறைக்கு மட்டும் நாற்பது மார்க், நான் என்ன செய்ய?

கவுண்டரில் இருக்கும் தனலெட்சுமி அக்கா புலம்பினார். "அறுபது வயசு ஆளுகிட்ட உங்க அப்பா பேரு என்னன்னு கேட்டா, என்னைய முறைக்கிறாங்கம்மா."

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

2 ஆகஸ்ட், சனி

இன்று கிளினிக்கில்தான் இருந்தேன்.

அங்கம்மா என்று ஓர் அம்மா. காலில் சீழ் வைத்த புண், கடும் காய்ச்சல், பேச்சே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அப்படியே காரில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். அப்பா பெயர் இருக்கும் ஐசி அடையாள அட்டையை எடுத்து வரவில்லை.

"அப்பா பேரு?" என்று அக்கா கேட்டார்.

"அந்தம்மாவுக்கே எழுபது வயசு. அவங்க அப்பா பேரு எனக்கு எப்படிங்க தெரியும்?"

டாக்டர் ஊசி மருந்தைத் தொடாமல் நின்றார். "இவவுக்கு ஏதோ ஒரு மருந்து ஒத்துவராது. கார்டு பார்க்காமல் போட ஏலாது."

நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகக் கொட்டித் தேடினோம். இருபத்தைந்து நிமிடம்! அவர் அப்பா சின்னத்தம்பி பெயரில் கிடைத்தது. மேலே சிவப்பில்: பென்சிலின் கூடாது.

வேறு ஊசி போட்டு சிகாமட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பயமில்லையாம்.

சார் மேல் பற்றிக்கொண்டு வருகிறது. என் மேல் அதைவிட. தப்புன்னு தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன் — நாப்பது மார்க்குக்கு. சீ.

3 ஆகஸ்ட், ஞாயிறு

டாக்டரிடம் சாவி வாங்கி எண்ணூற்று அறுபதையும் மாற்றிவிட்டேன். சொந்தப் பெயர் முதலில். ஒரே பெயரில் இருவர் இருந்தால் மட்டும் அப்பா பெயர். முதுகு விட்டுப்போயிற்று.

11 ஆகஸ்ட், திங்கள்

சாரிடம் அறிக்கையைக் கொடுத்தேன். அங்கம்மா விஷயத்தையும் சொன்னேன்.

"அது வேற, மார்க் வேற. தெரிஞ்சுதானே மாத்தின? நாப்பதும் போச்சு."

"போகட்டும் சார்."

வேறயாம்! ஒரு மனுஷி செத்திருந்தாலும் வேறதானா?

தேற ஐம்பது வேண்டும். மிச்சம் இருப்பது அறுபது.

12 செப்டம்பர், வெள்ளி

ஆபீஸ் வாசலில் ரிசல்ட் ஒட்டியிருந்தார்கள். 'கே' வரிசையில் நான் இல்லை. மூன்று முறை பார்த்தேன். கூடப் படிக்கும் லோகேஸ்வரன்தான் கத்தினான்: "அலமாக், அங்க ஏன் தேடுற? 'எல்'லுல பாருலா!"

லெட்சுமணன், கஸ்தூரி. ஐம்பத்திரண்டு. தேர்ச்சி.

திரும்பினால் சார். "என்ன, பேரு கிடைக்கலையா?"

"கிடைச்சிடுச்சு சார். அஞ்சு நிமிஷம் ஆச்சு."

பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் தனலெட்சுமி அக்கா போன் செய்தார். அங்கம்மா கட்டு மாற்ற வந்தாராம். பெயரைச் சொன்னதுமே கார்டு அக்கா கைக்கு வந்துவிட்டதாம்.

அப்பா வேலை முடிந்து வந்தார். "அப்பா, நீங்க பாஸாயிட்டீங்க" என்றேன்.

"நான் எப்பம்மா பரீட்சை எழுதினேன்?" என்று கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றினார்.