அக்கா எடுக்காத பாடம்

ஜூலை 7, திங்கள்

செப்டம்பரில் இன்டர்ன்ஷிப். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் ஒரு கம்பெனி இடம் கொடுத்துவிட்டது. நன்றாகச் செய்தால் அங்கேயே வேலையாம். அப்பா தான் வேலை செய்யும் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்தில் ஒரு கையெழுத்துதான் பாக்கி. பிறகு ஏன் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை எனக்கு?

ஜூலை 8

கையெழுத்து கிடைக்கவில்லை. எங்கள் பாடங்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் நூருல் ஹுதா, நான் பிசினஸ் அனலிட்டிக்ஸ் எடுக்கவே இல்லை என்றார். அதற்குப் பதில் எத்திக்ஸ் எடுத்திருக்கிறேனே என்றேன்.

"அது பழைய இன்டேக்குக்குத்தான் கோர். உங்களுக்கு வெறும் எலெக்டிவ்மா. கோர் முடிக்காம இன்டர்ன்ஷிப் போக முடியாதுலா."

இன்டேக் என்றால் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், கோர் என்றால் கட்டாயம், எலெக்டிவ் என்றால் நம் விருப்பம். மூன்று வருஷமாக பிசினஸ் படிப்பவளுக்கு இதுகூடவா தெரியாது? தெரியும். எனக்கு எது கட்டாயம் என்பதைத்தான் பார்க்கவில்லை. ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட் கட்டடத்தில் யார் பிசினஸ் சேர்ந்தாலும், ஒன்பதாவது மாடி சந்திரிகா அக்காவின் பாடப் பிளானை வாங்கி அதிலுள்ள பாடங்களையே அப்படியே எடுப்போம். அக்கா முதல் வகுப்பில் தேறியவர். பிறகென்ன கேள்வி? சேரும் வருஷத்தைப் பொறுத்து கோர் மாறுமாம். அனலிட்டிக்ஸ் செப்டம்பரில் மட்டும்தான் நடக்குமாம். போச்சு.

ஜூலை 9

அக்கா வீட்டுக்குப் போய்க் கத்திவிட்டேன்.

"மாத்துவாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கேட்டிருக்கலாமில்ல!" என்றேன். யார் கேட்டிருக்க வேண்டும், அக்காவா, நானா?

ஜூலை 18

எத்திக்ஸையே ஈடாக எடுத்துக்கொள்ளும்படி டீனுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. போன் அடித்தாலே ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

ஜூலை 24

மறுத்துவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு பாடமாம். எனக்குத் தெரியாதா அது!

ஜூலை 25

கம்பெனியில் ஆள் எடுக்கும் சுலைஹாவிடம் நானே பேசினேன். ஜனவரி வரை இடத்தை வைத்திருக்க முடியுமா?

"பாவமா இருக்கும்மா. ஆனா செப்டம்பருக்கு ஆள் வேணும்லா."

அப்பாவிடம் சொன்னேன். "சரிலா, அந்தப் பாடத்த முடி," என்றார். அப்புறம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 12

என்னைக் கண்டால் அக்கா லிஃப்டில் ஏறுவதில்லை. ஒன்பதாவது மாடிக்குப் படியேறிப் போகிறார். போகட்டுமே என்றுதான் இருந்தேன் — ஆனால் நல்லாவே இல்லை.

செப்டம்பர் 8

அனலிட்டிக்ஸ் முதல் வகுப்பு. எல்லாரும் ஜூனியர்கள், என்னை அக்கா என்கிறார்கள். பாதியிலேயே தலை சுற்றியது. இந்நேரம் சிம்பாங் அம்பாட்டில் என் இடத்தில் வேறு யாரோ.

பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே சந்திரிகா அக்கா. இரண்டு கையிலும் காய்கறிப் பை, ஓட வழியில்லை. ஒரு பையை வாங்கிக்கொண்டேன்.

"அக்கா, அனலிட்டிக்ஸ் ஒண்ணுமே புரியல. வீட்டுக்கு வரட்டுமா?"

"காமினி... நான் அதப் படிக்கவே இல்லையேடி."

"அதான் தெரியுமே. சேர்ந்து படிப்போம்கா."

சிரித்தாரா அழுதாரா, தெரியவில்லை. பையை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.