சின்னப் பைக்குள் மாமாவின் படம்

லா சப்பல், பாரிஸ்
ஐப்பசி 6

அன்புள்ள மகள் ஆனைஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் மொன்றியல் குளிருக்குள் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. சனிக்கிழமைதோறும் அழ அழ உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேனே, அதன் பலனை இன்றைக்குத்தான் கேட்கிறேன், எழுத்துக்கூட்டியாவது முழுதும் வாசி.

முப்பதாவது கலியாண நாளுக்கு எங்கேயாவது போய் வாருங்கோ, மலிவு விமானத்தில் இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பழைய நகரம் பார்க்கலாம் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். கலியாணவீடு, செத்தவீடு, லூர்து மாதா கோயில் தவிர வேறொன்றுக்கும் பெட்டி கட்டாத சனம் நாங்கள். ரோமா லிஸ்பனா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா ரூ லூயி-பிளாங் தெருவில் உள்ள பயணக் கடைக்குப் போய் இருபத்துநாலாம் திகதிக்குப் பிராக் நகரத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டு வந்தாள். பாலமும் கோட்டையும் பார்க்கப் போகிறோம் என்று நீ சந்தோஷப்பட்டாய். அவள் போவது தன் அண்ணன் றெமிஜியஸ் மாமாவின் கல்லறைக்கு. மலிவு டிக்கெட்டுக்கு ஆளுக்கொரு சின்னப் பைதான், அதையும் அவள் தையல் அளவு நாடாவால் மூன்று தரம் அளந்தாள். திரான்சியில் ஒரு கடையில் கல்லறையில் ஒட்டுவதற்கு மாமாவின் படத்தைப் பீங்கானில் பதிப்பித்து, பெயரும் திகதியும் போட்டு வாங்கி வந்திருந்தாள். அது பைக்குள் கொள்ளவில்லை என்று தன் கம்பளிச் சட்டையை வெளியே எடுத்துவைத்தாள். அதைப் பார்த்தபிறகுதான் உள்ளதைச் சொல்லத் துணிந்தேன்.

மகள், அந்தப் பெயரில் அங்கே கல்லறை இல்லை. தொண்ணூற்றொன்று கார்த்திகை தொடங்கி மார்கழி வரை, களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன், பிரான்சுக்கு வர வெளிக்கிட்ட எங்கள் பதினொரு பேரையும் பிராக்கில் ஒரு அறைக்குள் நாற்பது நாள் பூட்டி வைத்திருந்தான். மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு விட முடியாமல் போனது. நான் அவரைத் தாங்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த மர வாங்கில் இருத்தி, மணியை அடித்துவிட்டு ஓடிவந்தேன். எல்லைக்குப் போற வான் வெளிக்கிடுது, வாறியோ இல்லையோ என்று ஏஜென்சிக்காரன் கத்திக்கொண்டு நின்றான். ஒரு கிழமைக்குப் பிறகு அவனே, ஆள் முடிஞ்சுது, அங்கையே தாட்டாச்சு என்று சொன்னான். மாமாவின் பொக்கற்றுக்குள் இருந்தது குப்புசாமி ராமையா என்ற மலேசியாக்காரனின் பாஸ்போட், படம் மட்டும் மாமாவுடையது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போன மனுசன் ராமையாவாகத்தான் அங்கே கிடக்க வேண்டும். ஆனால் நான் ஊரில் இருந்த அம்மாவின் வீட்டாருக்கு எழுதியது வேறு. என் மடியில்தான் உயிர் போனது, சுவாமியார் வந்து செபித்தார் என்று எழுதினேன். அண்ணனைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர் என்றுதான் அம்மா என்னைக் கட்டச் சம்மதித்தாள். இந்தப் பொய்யின்மேல்தான் இத்தனை வருடமும் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பீங்கான் படத்தை மேசையில் கவிழ்த்துவைத்தாள். மூன்று நாள் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பிப் போனாள், அவள் ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நேற்றுக் காலமைதான் வாய் திறந்தாள். அண்ணைக்குக் கடைசியா என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள் என்று கேட்டாள். இருங்கோ அண்ணை, இப்ப வாறன் எண்டு சொன்னனான் என்றேன். பிறகு, வாறன் எண்டு சொன்னனீங்கள்தானே, அப்ப வெளிக்கிடுங்கோ என்றாள். படத்தை எடுத்துத் துடைத்து என் பைக்குள் வைத்தாள். இந்தமுறை வெளியே எடுத்துவைத்தது என்னுடைய கம்பளிச் சட்டையை.

நீ எனக்கு ஒரு உதவி செய். பிராக் நகரசபைக்கு ஆங்கிலத்தில் எழுதி, அந்த மார்கழியில் ராமையா என்ற பெயரில் ஒருவரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேள். பதில் வராவிட்டாலும் நாங்கள் போவோம், அந்த ஆஸ்பத்திரி வாசலையாவது தேடிப் பிடிப்பேன். அம்மாவோடு கதைக்கும்போது இதை நீயாகத் தொடங்காதே, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். என்னைப்பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி, அவளுக்கு அடிக்கடி போன் எடு. காதை மூடித் தொப்பி போடாமல் வெளியே இறங்காதே, நெஞ்சுச் சளியை ஒருநாளும் சும்மா விடாதே. மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அமலதாஸ்