கதவில் எழுதிய எண்

என் வீட்டுக்காரிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதியோர் பள்ளியில் படித்து நானே எழுதும் முதல் கடிதம் இது. மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போயிருக்கும் நீ, அவளையே வாசிக்கச் சொல்லிக் கேள்.

மேஸ்திரியை விட்டு விலகியபின் ஆழ்வார்பேட்டையில் வீடு வீடாகக் கேட்டும் வெள்ளையடிக்கும் வேலை கிடைக்கவில்லை. 'வெள்ளை அடிக்கப்படும்' என்று சிலேட்டில் எழுதிச் சைக்கிளில் மாட்டினேன். மறுநாளே மாம்பலத்துக் கான்ட்ராக்டர் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"பெரியவரே, நம்பர் எழுத வருமா?"

வேலை எங்கே தெரியுமா? நம் ஆற்றங்கரையிலேயே! குடிசைக் கதவுகளில் வரிசையாக எண் போட வேண்டும். நம் கதவில் நாற்பத்தொன்று என்று அழகாக எழுதியிருக்கிறேன். இதை முடித்தால் இன்னும் இரண்டு இடங்களுக்கு என்னையே அனுப்புவாராம்.

பக்கத்து வீட்டுச் செண்பகம்தான், "போன மாசம் அக்கரையில நம்பர் போட்டாங்கோ. இப்ப அங்க ஒரு குடிசையாச்சும் கீதா? உன் கதவுல நீயே எழுதிக்கினியே மாமா!" என்று கத்தினாள். அவள் வாய் உனக்குத் தெரியாதா?

உன் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். எலித் தொல்லை. வேலையை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கச் சொல்கிறார் கான்ட்ராக்டர்.

அடுத்த வாரம் நானே மறுபடி எழுதுகிறேன். அதுவரை இந்த விலாசத்துக்குப் பதில் போட வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்