குழம்பு மீனையும் விற்றவள்

மீஞ்சூர் கம்பெனியில் வேலை செய்யும் என் மகளுக்கு,

இதை நானே எழுதுகிறேன், நம்பு. இந்த வயதில் கற்ற எழுத்து, மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் வருகிறது!

"பூவிழிக்கு வியாபாரம் கத்துக் குடு நைனா" என்று சொல்லிவிட்டுப் போனாயே, உன் மகள் செய்வதைக் கேள். ஏரிக்கரை ஏலத்தில் நண்டு விற்கப் பழக்கினேன். இப்போது வீட்டுக் குழம்புக்கென்று நான் ஒதுக்கிவைக்கும் மீனையும் விற்றுவிடுகிறாள். அதை விற்கும் வழக்கம் இந்தக் குப்பத்தில் யாருக்கும் கிடையாது. ஏலக்காரனே சிரிக்கிறான். வலை போடுகிறவன் நான், தினமும் வெறும் ரசம் குடிக்கிறேன்.

"இன்னாடி இது, எனக்கு மீன் வேணாவா?" என்று கத்தினேன்.

"கம்முனு குடி தாத்தா. லீவு போட்டா கூலி போயிடும்னுதானே அம்மா வர்ல? அந்த ஒரு நாள நான் வாங்கிக்கிறேன்."

பணம் சேர்ந்துவிட்டது. வந்துவிடு. வரும்போது மீஞ்சூர் மார்க்கெட்டில் எனக்கு ஒரு மீன் வாங்கி வா.

ரசம் குடித்தே இளைத்துப்போன
உன் நைனா