பிளம்பரின் வயிறு

மார்ச் 3
நேற்று மத்தியானம் இவர் சாப்பிட்ட சோறு இன்று காலை வாந்தியில் அப்படியே வெளியே வந்தது. ஒரு மாதமாக “வாயு, வாயு” என்று சோடா குடித்தே ஓட்டிய என் வீட்டுக்காரரை இன்று இழுக்காத குறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரைப்பையின் கீழ்வாயில் அடைப்பாம்.

மார்ச் 4
மூக்கு வழியாகக் குழாய் விட்டிருக்கிறார்கள். பை நிறையப் பழுப்பு நீர், சகிக்க முடியாத நாற்றம். “ஊருக்கெல்லாம் அடைப்பு எடுத்தவனுக்கே அடைப்பு,” என்றார் இவர். சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 6
இன்று வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, பழைய புண்ணின் தழும்பு என்றால் பலூன் ஊதி விரித்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. நான் மருந்து வாங்கப் போன நேரத்தில் இந்த மனிதர் குழாயின் கிளிப்பை மூடிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரின் ஃபிளாஸ்க் வெந்நீரை முழுசாகக் குடித்திருக்கிறார்!

“சுடுதண்ணி ஊத்தினா இளகும்ல?”

“அது சிங்க் இல்லைங்க, வயிறு!”

வார்டே சிரித்தது. கேமரா தள்ளிப்போனது. எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். எனக்கு ஏன் இந்த வாய்?

மார்ச் 9
இன்று கேமரா விட்டுப் பார்த்தார்கள். பலூன் வேண்டாமாம். தழும்பு இல்லை, கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச் 13
புற்றுநோய்தான். இவரிடம் புண் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 17
ஆபரேஷன். சொன்ன நேரத்தைவிடச் சீக்கிரமே டாக்டரம்மா வெளியே வந்தார். சீக்கிரம் முடிந்தால் நல்லதுதானே என்று ஒரு நிமிடம் நினைத்தேன் —

“கட்டி கணையத்தோட ஒட்டியிருக்கும்மா. தொட முடியல. இரைப்பைய வேற எடத்துல குடலோட இணைச்சிருக்கோம். இனி சாப்பிடலாம்.”

எத்தனை நாளைக்கு? இவர் கண் விழித்ததும் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட்டேன். கடவுளே, நான் என்ன செய்யப்போகிறேன்?

மார்ச் 23
குழைய வடித்த சோறு, நாலு கரண்டி. வாந்தி இல்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் உளறிவிட்டேன்.

“அடைப்ப எடுத்துட்டாங்கல்ல?” என்று கேட்டார்.

“அது அப்படியே இருக்குங்க. பக்கத்துல புது வழி போட்டிருக்காங்க.”

சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“பழைய பைப்ப ஒண்ணும் பண்ண முடியாதுன்னாதான் நாங்க அப்படிப் போடுவோம்,” என்றார் மெதுவாக.

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் அதை என் பக்கம் நகர்த்தினார்.

“பசிக்குது. இன்னும் கொஞ்சம் போடு.”

போட்டேன்.