தொழுவச் சுவருக்குப் பின்னால்

லக்சர் மேற்குக் கரை
9 பிப்ரவரி 1995

என் கண்ணே இக்லால்,

அல்லாஹ் உன்னை நலமாக வைத்திருக்கட்டும். நோன்பு எப்படிப் போகிறது? தினமும் அவித்த மொச்சையும் ரொட்டியும்தான் என்று எனக்குத் தெரியும். அருங்காட்சியகத்தில் உன்னோடு வேலை பார்க்கும் பெண்களுக்காவது சமைக்கத் தெரியுமா?

நஜ்லாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. அக்டோபரில் நிக்காஹ். பையன் சர்க்கரை ஆலையில் மெக்கானிக். அதிகம் பேசமாட்டான். என் மகள் இருவருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

இன்னொரு செய்தி. கேட்டால் நீ குதிப்பாய். போன வாரத்து மழையில் தொழுவத்தின் பின்சுவர் சரிந்தது. பின்னால் ஒரு சின்ன அறை. சுவரில் ஒரு பெண் உட்கார்ந்து தாமரையை முகர்ந்துகொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றி நீ படிக்கும் அந்தப் பழைய எழுத்துகள்தான், பறவையும் பாம்பும் கண்ணுமாக. மூக்கு நம் சின்னம்மாவுடையதேதான். உன் மச்சான் ஹஸ்ஸான் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் குன்றுல எந்த வீட்டுக்கு அடியில செத்தவங்க இல்ல? பார்த்ததா காட்டிக்காத, மூடிரலாம்" என்றார். நீ பெருநாளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை மூடக் கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறேன். அங்கே கிடந்த ஒரு மண்சட்டியைப் புறாக்களுக்குத் தானியம் போட எடுத்துக்கொண்டேன்.

கட்டாயம் வா.

உன் அக்கா
பஹியா


கெய்ரோ
17 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை டிராமில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

கழுதையை வேறு இடத்தில் கட்டு. சுவரை யாரும் தொட வேண்டாம், முக்கியமாக ஈரக் கையோடு. பெருநாளுக்கு முந்தின நாள் ரயிலில் வருகிறேன். நஜ்லாவுக்குத் துணி வாங்கியிருக்கிறேன். நிறம் பிடிக்கவில்லை என்பாள், சொல்லட்டும்.

உன்
இக்லால்


கெய்ரோ
14 மார்ச் 1995

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த பெருநாள் பிஸ்கட்டை ரயிலில் ஒரு பட்டாளக்காரர் பாதி தின்றுவிட்டார்.

புறாச் சட்டியை நான் கையில் எடுத்ததும் அழுதேனே, ஏன் என்று கேட்டாய். அப்போது சொல்ல முடியவில்லை. அதன் உட்புறம் முழுக்க மையால் எழுதியிருக்கிறது. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதி, உணவு வைக்கும் பாத்திரத்தோடு கல்லறையில் வைப்பது அந்தக் காலத்து வழக்கம். இதுபோல் கிடைத்தவை மிகக் குறைவு. உன் சுவரில் இருப்பவள் பெயர் ஹெனுத். எழுதியவள் அவளுடைய தங்கை. நான் எடுத்து வந்த படத்தை வைத்து இதுவரை படித்தது இவ்வளவுதான்:

"நீ இருந்தபோது உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? ரொட்டி கொண்டுவரவில்லையா? உன்னைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொன்னேனா? என் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. நீ அங்கே இருக்கிறாய், எனக்காகப் பேசு."

மீதி அழிந்துவிட்டது. நாலாயிரம் வருடம் அக்கா.

சுவரில் உப்புப் பூக்கிறது. கழுதை நின்ற ஈரமும் உன் அடுப்புச் சூடும் சுண்ணாம்பைத் தள்ளுகின்றன. நான் நின்றுகொண்டிருந்தபோதே ஓர் எழுத்து உதிர்ந்து காலடியில் விழுந்தது. மேலிடத்தில் சொல்ல வேண்டும் என்று சாப்பாட்டில் சொன்னதற்கு மச்சான் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "சொன்னா வீட்டை இடிப்பாங்க. செத்தவ வீடு நிக்கணும், உயிரோட இருக்கிற உன் அக்கா வீடு போகணும், அப்படித்தானே?"

அப்படி இல்லை. ஆனால் எப்படி என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

இக்லால்


லக்சர் மேற்குக் கரை
3 ஏப்ரல் 1995

என் கண்ணே இக்லால்,

உன் மச்சான் பேச்சை மனதில் வைக்காதே. அவர் இந்த வீட்டில் பிறந்தவர்.

சட்டியில் இருப்பதாக நீ எழுதியதை நஜ்லாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள், "அந்தப் பிள்ளை பொழைச்சுதாம்மா?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். அன்று முழுவதும் எனக்கும் அதே நினைப்பு.

கண்ணே, நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. அம்மா போனபோது நீ மூன்று வயதுக் குழந்தை. உன்னைத் தூக்கிக்கொண்டுதான் நான் மணப்பெண்ணாக இந்த வாசலில் நுழைந்தேன். என் மகளும் இதே வாசலில் இருந்துதான் போக வேண்டும். அக்டோபர் வரை பொறு. அதன்பிறகு இடிக்கட்டும், தோண்டட்டும், நானே வந்து வழிகாட்டுகிறேன்.

அடுப்பை வெளியே மாற்றிவிட்டேன். வெயிலில் நின்றுதான் ரொட்டி சுடுகிறேன். கழுதை மைத்துனர் வீட்டில். சுவருக்குக் குறுக்கே பழைய போர்வை கட்டியிருக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்யலாம் என்று எழுது, செய்கிறேன்.

அக்கா
பஹியா


கெய்ரோ
29 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்.

நஜ்லா அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்தேன். ஹெனுத்தின் தலைக்கு மேல் இருந்த இரண்டு வரிகளும் உதிர்ந்துவிட்டன. அக்டோபருக்குள் முகமும் போய்விடும். அந்தப் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

என் மேலதிகாரி வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்போதைக்கு மருந்து பூசிச் சுவரைக் காப்பாற்றும் வேலை மட்டும்தான். கல்யாணம் முடியும்வரை வீட்டில் கைவைக்க மாட்டார்கள். பிறகு அரசாங்கம் புதுக் குடியிருப்பில் வீடு தரும். மச்சானிடம் நானே வந்து பேசுகிறேன்.

கோபம் இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

இக்லால்


புதுக் குடியிருப்பு
20 செப்டம்பர் 1995

இக்லால்,

உன் நான்கு கடிதங்களும் கிடைத்தன. திட்ட ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்து பூச வந்தவர்கள் தரையில் விரிசல் கண்டு, அடியில் இன்னும் அறைகள் இருக்கின்றன என்றார்கள். ஜூனில் வீட்டை இடித்தார்கள். உன் மேலதிகாரியின் வாக்கு இங்கே வந்தவர்கள் யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே போலீஸ் ஹஸ்ஸானை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், கண்டதை ஏன் மறைத்தாய் என்று இரண்டு நாள் உட்கார வைத்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். வீட்டுக்கு வந்து டீ குடித்து, பையனின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க. போலீஸ் கூட்டிட்டுப் போன வீட்டுல எப்படிங்க சம்பந்தம் வைக்கிறது? எங்களுக்கும் நாலு பேர் இருக்காங்க." நஜ்லா உள்ளே நின்று கேட்டாள். அவள் இப்போது குறைவாகத்தான் பேசுகிறாள்.

இங்கே வீடு சிமெண்ட். தண்ணீர் குழாயில் வருகிறது. புறா வளர்க்க இடமில்லை.

உன் ஹெனுத் நன்றாக இருக்கிறாளாம். காவலுக்கு நிற்பவன் சொன்னான்.

பஹியா


கெய்ரோ
7 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். செப்டம்பருக்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. அதனால்தான் போன வாரம் சொல்லாமல் வந்து நின்றேன். அங்கே பேச முடியாததை எழுதிவிடுகிறேன்.

ஹெனுத்தின் சுவரைக் காப்பாற்றிவிட்டார்கள். சட்டியில் மேலும் ஒரு வரி படித்தேன், அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று அதிலும் இல்லை. நான் தவறு செய்துவிட்டேன் என்று உன் முன்னால் சொல்லத்தான் புறப்பட்டு வந்தேன். ஆனால் வழியில் குன்றில் இறங்கி அவளைப் பார்த்துவிட்டேன். அவள் முகம் முழுசாக இருக்கிறது. அதன்பிறகு அந்தச் சொல் வாயில் வரவில்லை. மறுபடி அந்தப் புகைப்படம் கையில் வந்தால் மறுபடியும் சொல்லிவிடுவேன் என்றே பயமாக இருக்கிறது. நஜ்லாவின் கல்யாணம் நின்றதை நினைக்காமல் நான் தூங்கியதும் இல்லை. இரண்டும் உண்மை. எதை விட்டு எதைச் சொல்வது?

நீ கோபமாக இருப்பாய், கதவைச் சாத்துவாய் என்று நினைத்து வந்தேன். நீ புன்னகையோடு, "வாங்க, உள்ள வாங்க" என்றாய். வெளியாள் வந்தால் உட்கார வைக்கும் நாற்காலியைக் காட்டினாய். கெய்ரோவில் வெயில் எப்படி என்று கேட்டாய். மச்சான்கூட மரியாதையாக எழுந்து நின்றார். நஜ்லா தட்டில் டீ கொண்டுவந்தாள்.

நீ சர்க்கரைக் கிண்ணத்தைத் திறந்து, "எத்தனை கரண்டி போடட்டும்?" என்று கேட்டாய்.

நான் சர்க்கரை போட்டு டீ குடித்ததே இல்லை, அக்கா. சின்ன வயதில் நீ எவ்வளவோ கெஞ்சியும் குடித்ததில்லை. உனக்குத் தெரியாததா? "என்னடி கேள்வி இது" என்று நீயே சிரித்துவிடுவாய் என்று நினைத்து, இரண்டு என்றேன்.

நீ இரண்டு கரண்டி போட்டு, நன்றாகக் கலக்கி, கையில் கொடுத்தாய். நான் குடித்தேன்.

உன்
இக்லால்