அடுப்பைப் பற்றி நீங்கள் எழுதிய நான்கு வரி

மார்ச் 5

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நேரில் பேசினால் நாளைக்கு "நான் அப்படிச் சொல்லலையே" என்று சொல்லிவிடலாம். அதனால் எழுதி, உங்கள் அலுவலகப் பெட்டியில் போடுகிறேன்.

வீடில்லாதவர்கள் விடுதியிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. வீட்டைப் பார்வையிடச் செவ்வாய்தோறும் வருகிறீர்கள், பாப்பாவைக் கொஞ்சுகிறீர்கள். நேற்று நான் தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது அடுப்பை விரலால் தேய்த்துப் பார்த்தீர்கள். பிறகு நோட்டில் நான்கு வரி எழுதினீர்கள். "என்னக்கா எழுதுறீங்க?" என்றதற்கு, "சும்மாம்மா, வழக்கமா எழுதுறதுதான்" என்றீர்கள்.

சும்மாவுக்கு நான்கு வரி எதற்கு? நானும் பட்டப்படிப்பு படித்தவள்தான். அதை எனக்குக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா,
மூன்றாம் மாடி

மார்ச் 7

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டது நியாயம். 'சும்மா' என்றது என் தப்பு. எழுதியது இதுதான்: "அடுப்பு பயன்படுத்தப்படவில்லை. கட்டிலில் யாரும் படுத்த அடையாளம் இல்லை. குழந்தையின் பொம்மை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இருவரும் இங்கேதான் வசிக்கிறார்களா என்பது சந்தேகம்."

மறைக்காமல் சொல்கிறேன். இருபதாம் தேதி கூட்டத்தில்தான் வீட்டை உன் பெயருக்கே தருவதா என்று முடிவு செய்வார்கள். ஆள் வசிக்காத வீடு என்றால் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். நீங்கள் இரண்டு பேரும் வேறெங்காவது தங்குகிறீர்களா? தயங்காமல் சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

தங்கை என்று எழுதிக்கொண்டே வேவு பார்ப்பீர்களா?

நாங்கள் எங்கும் போகவில்லை. விடுதியில் வாரம் ஒரு சோதனை நடக்கும். விரிப்பில் சுருக்கம் இருந்தாலோ, தரையில் பொம்மை கிடந்தாலோ பெயருக்கு நேரே கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் தெருதான். நாங்கள் இரண்டு புள்ளியோடு வந்தவர்கள். "ஆள் இருந்த சுவடே தெரியக் கூடாது, புரியுதா?" என்பார் வார்டன்.

அதனால் திங்கள் மாலையே அடுப்பைத் தேய்த்துவிடுவேன். பொம்மைகளை மூட்டை கட்டி அலமாரி மேல் ஏற்றிவிடுவேன். அன்றைக்கு இருவருக்கும் தரையில் பாய். செவ்வாய் காலை பாப்பாவுக்கு வெறும் ரொட்டி. எல்லாம் உங்களிடம் நல்ல பெயர் வாங்கத்தான். அதுவே வினையாகிவிட்டது.

இனி "பிள்ளையைத் தரையில் போடுகிறாள்" என்று எழுதி அவளை எடுத்துக்கொண்டு போவீர்களோ? இந்தக் கடிதத்துக்கு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

பாப்பாவின் அம்மா

மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் சுத்தத்தைப் பார்த்து நான் பயந்தேன். என் நோட்டைப் பார்த்து நீ பயந்திருக்கிறாய். பாப்பாவை யாரும் எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை.

எழுதியதை அழிக்க எனக்கு அனுமதி இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசியில் குடியிருப்பவர் எழுதுவதற்கென்று அரைப் பக்கம் உண்டு. யாரும் நிரப்புவதில்லை. நாங்களும் சொல்வதில்லை, அது எங்கள் குற்றம். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு எழுதியதை அப்படியே அவர்களுக்கும் எழுது. வரும் செவ்வாய் எதையும் எடுத்து வைக்காதே.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு எங்களுக்கே என்று தாள் வந்துவிட்டது. இரண்டு முறை படித்தும் நம்பாமல், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

கூட்டத்தில் அந்தப் பெரிய அதிகாரி என் அரைப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "பொம்மையெல்லாம் இப்ப எங்கம்மா?" என்றார். "நடக்க வழியில்லாம கிடக்கு சார்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வந்ததும், "கோப்பை மூடியாச்சும்மா. இனி செவ்வாய்க்கிழமை வர மாட்டேன்" என்றீர்கள். இரண்டு நாளாக இதே யோசனைதான். விட்டது தொல்லை என்று சொன்னீர்களா? பாப்பாவைக் கொஞ்சியதும் வேலையில் சேர்த்திதானா? அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியவர் நீங்கள், அது புரிகிறது. புரிந்தும் மனசு கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் சாப்பிட வாருங்கள். வர மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. வராவிட்டால் காரணம் எழுத வேண்டாம். நானே ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். இந்த ஒரு தடவை நல்லதாகவே நினைக்கிறேன்.

பாப்பாவின் அம்மா